கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்ற தீவனத் தொட்டியும் தண்ணீர்ச் சாடியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகிய பயிர்களை நம்பி வாழும் சிறு விவசாயிகள் பலர், வீட்டுச் செலவுக்கு ஒரு துணை வருமானமாக நாட்டுக்கோழி வளர்த்து வருகின்றனர். மழை தவறினாலும், வெங்காயத்தின் விலை சரிந்தாலும், பத்துக் கோழிகளை விற்றுப் பள்ளிக் கட்டணத்தையோ மருத்துவச் செலவையோ சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் 250 கோழிகள் கொண்ட சிறு பண்ணை அமைக்க 50 விழுக்காடு மானியம் அளிக்கும் திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்துள்ளது. கொட்டகை, தீவனம் ஆகியவற்றுடன் தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு ஆகியவையும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

குஞ்சு வாங்கும்போது இனம், விலை, வயது ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்கும் விவசாயிகள், அக்குஞ்சு எதில் தின்னும், எதில் குடிக்கும் என்பதைக் கடைசியாகவே எண்ணிப் பார்க்கின்றனர். வீட்டில் கிடக்கும் தாம்பாளத்தில் தீவனத்தைக் கொட்டி, அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டால் போதும் என்று கருதுகின்றனர். முதல் பத்து நாட்களில் ஏற்படும் சாவுகளில் பலவற்றுக்கு இதுவே காரணமாகிறது. திறந்த சட்டியில் விழுந்து மூழ்குதல், உடல் நனைந்து குளிரால் ஒடுங்குதல், தண்ணீர் இருக்கும் இடம் தெரியாமல் தாகத்தால் வாடுதல், ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் பரவுதல் ஆகிய நான்கையும் சரியான தொட்டிகளைக் கொண்டே பெருமளவு தடுக்கலாம்.

தீவனமே பெருஞ்செலவு

கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்திற்கே போய்விடுகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் விளையும் மக்காச்சோளம் நாமக்கல் பகுதித் தீவன ஆலைகளுக்குச் சென்று, அரைபட்டு, மூட்டையில் தீவனமாகி மீண்டும் இங்கேயே வந்து விலையாகிறது. விற்றபோது கிடைத்ததைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அத்தீவனம் கூளத்தில் சிதறினால், விவசாயிக்கு இருமுறை நட்டம்.

தொட்டியில் எவ்வளவு உயரத்திற்குத் தீவனம் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே சேதம் அமைகிறது. விளிம்பு வரை நிரப்பினால் 30 விழுக்காடு வரையிலும், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 10 விழுக்காடு வரையிலும், பாதியளவு நிரப்பினால் ஏறத்தாழ 3 விழுக்காடும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் 1 விழுக்காடு அளவிலும் தீவனம் வீணாகும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. 100 கோழிகள் விற்பனைக்கு வரும்வரை 200 கிலோ தீவனம் தின்பதாகக் கொள்வோம். பத்தில் ஒரு பங்கு சிதறினாலும் 20 கிலோ மண்ணோடு போய்விடும். கிலோ 40 ரூபாய் என்றாலும் 800 ரூபாய் இழப்பு. ஒரே முறை நிரப்பிவிட்டுக் கழனிக்குப் போவதைவிட, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவது இலாபகரமானது.

எத்தனை தொட்டிகள் தேவை?

எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் தலை நீட்டித் தின்ன இடம் இருக்க வேண்டும். இடம் குறைந்தால் வலுத்த குஞ்சுகள் முன்னால் நின்று தின்ன, மெலிந்தவை ஒதுக்கப்பட்டு மேலும் மெலியும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் ஒரு மாதத்தில் பெரிதும் சிறிதுமாகத் தெரிந்தால், தொட்டி இடம் போதுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நெருக்கடி மிகுந்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் பழக்கமும் தோன்றும்.

குஞ்சு ஒன்றுக்குத் தேவையான தீவனத் தொட்டி இடம் வருமாறு:

முதல் 2 வாரங்கள் – 2.5 செ.மீ. (1 அங்குலம்)
3 முதல் 6 வாரங்கள் – 5 செ.மீ. (2 அங்குலம்)
7 வாரங்களுக்குமேல் – 7.5 செ.மீ. (3 அங்குலம்)

நீளத் தொட்டியாயின் இரு பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் இருபுறமும் சேர்த்து 150 செ.மீ. இடம் கிடைக்கும். எனவே 100 குஞ்சுகளுக்கு முதல் இரு வாரங்களில் 2 தொட்டிகளும், ஆறாம் வாரம் வரை 4 தொட்டிகளும், அதன்பின் 5 தொட்டிகளும் தேவைப்படும்.

கூம்பு போன்ற குழாயில் தீவனம் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிடும் வட்டத் தொட்டியாயின், அதன் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து பார்க்கலாம். 40 செ.மீ. குறுக்களவுள்ள தட்டின் சுற்றளவு ஏறத்தாழ 125 செ.மீ. இருக்கும். வட்டத் தொட்டியில் கோழிகள் விசிறி போல் விலகி நிற்பதால், அதே நீளமுள்ள நேர்த் தொட்டியைவிடச் சற்றுக் கூடுதலான கோழிகள் தின்ன முடியும்.

குஞ்சு ஒன்றுக்கான தண்ணீர் இடம் முதல் 2 வாரங்களுக்கு அரை முதல் 1 செ.மீ., ஆறாம் வாரம் வரை 1.5 செ.மீ., அதன்பின் 2 முதல் 2.5 செ.மீ. ஆகும். 20 செ.மீ. குறுக்களவுள்ள தட்டுடன் கூடிய 2 லிட்டர் சாடிகள் இரண்டு இருந்தால் 100 குஞ்சுகளுக்கு முதல் இரு வாரங்களுக்குப் போதும். பின்னர் ஒன்றைச் சேர்த்து மூன்றாக்கலாம். ஏழாம் வாரத்திலிருந்து பெரிய தட்டுள்ள சாடிகள் மூன்று வைக்கலாம். குஞ்சுகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரே சாடியை நம்பியிருக்கக் கூடாது. அது கவிழ்ந்தாலும் தீர்ந்தாலும் அடுத்த சாடி உயிர் காக்கும்.

முதல் மூன்று நாட்கள்

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு எஞ்சியிருப்பதால் இரண்டு மூன்று நாட்கள் உணவின்றித் தாங்கும் என்று சொல்வதுண்டு. ஆனால் பெட்டியில் அடைபட்டுப் பேருந்தில் வரும் குஞ்சின் உடலிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் ஈரம் குறைந்துகொண்டே இருக்கும். ஆகவே வந்தவுடன் முதலில் தண்ணீரும், அது குடித்து ஓரிரு மணி நேரம் கழித்துத் தீவனமும் தர வேண்டும். கொதித்து ஆறிய நீரில் சிறிது குளுக்கோஸ் அல்லது வெல்லம் கலந்து, ஒவ்வொரு குஞ்சையும் கையிலெடுத்து அதன் அலகை ஒருமுறை தண்ணீரில் நனைத்து விட வேண்டும். பழகிய குஞ்சுகளைப் பார்த்து மற்றவையும் குடிக்கத் தொடங்கும்.

முதல் மூன்று நாட்களுக்குத் தீவனத் தொட்டி தேவையில்லை. கூளத்தின்மேல் செய்தித்தாளை விரித்து, மக்காச்சோளக் குருணையையோ குஞ்சுத் தீவனத்தையோ மெல்லத் தூவினால் போதும். காகிதத்தில் விழும் ஒலி கேட்டுக் குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும். வழுக்கும் பளபளப்பான காகிதத்தை விரிக்கக் கூடாது. கால் விரிந்து குஞ்சு முடமாகும். காகிதத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். முட்டை அடுக்கும் அட்டைகளிலும் தீவனம் வைக்கலாம். மூன்றாம் நாளில் தாழ்வான தொட்டிகளை வைத்து, காகிதத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

வெப்பம் தரும் விளக்கைச் சுற்றி ஒன்றரை அடி உயரத் தடுப்பு அமைத்து, அதனுள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலத் தீவனத் தொட்டியையும் தண்ணீர்ச் சாடியையும் மாறி மாறி வைக்க வேண்டும். விளக்கிற்கு நேர் கீழே தண்ணீர் வைத்தால் வெதுவெதுப்பாகிக் குஞ்சுகள் குடிக்காது. தடுப்பின் ஓரத்தில் வைத்தால் குளிருக்கு அஞ்சி வராது. இரண்டிற்கும் நடுவே வைப்பதே சரி. முதல் வாரத்தில் குஞ்சின் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்குமாறு அமைத்து, பின் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும்.

தொட்டி ஏற்பாடு சரிதானா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குஞ்சுகள் வந்த மறுநாள், ஆங்காங்கே பத்துக் குஞ்சுகளை எடுத்துக் கழுத்தின் அடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மிருதுவாக, கூழ் நிரம்பியதுபோல் இருந்தால் தீனியும் தண்ணீரும் கிடைத்துள்ளன. கெட்டியாகக் கல்போல் இருந்தால் தீனி கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. காலியாக இருந்தால் இரண்டும் கிடைக்கவில்லை. பத்தில் ஒன்றிரண்டு காலியாக இருந்தாலும், சாடிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வெளிச்சத்தையும் உடனே சரிசெய்தால் அக்குஞ்சுகளைக் காப்பாற்றலாம். மூன்றாம் நாள் வரை விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும்.

நல்ல தண்ணீர்ச் சாடி எது?

குஞ்சின் அலகு நனைய வேண்டும். கால் நனையக் கூடாது. இதுவே தேர்வுக்கு அடிப்படை. சாடியைக் கவிழ்த்து வைக்கும் வகையில், தட்டின் ஓரத்திற்கும் சாடியின் சுவருக்கும் இடையேயுள்ள வாய்க்கால் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை இருந்தால் போதும். அதைவிட அகலமாயிருந்தால் முதல் வாரத்தில் அதில் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பி வைக்க வேண்டும். காடைக்குஞ்சுகள் மிகச் சிறியவை; அவற்றுக்குக் கூழாங்கற்கள் இன்றியமையாதவை. வாத்துக் குஞ்சுகளுக்கோ அலகு முழுவதும் மூழ்கி மூக்குத் துளைகளைக் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஆழம் வேண்டும். ஆனால் உள்ளே இறங்கி நீந்த இடம் இருக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போது தட்டும் சாடியும் திருகில் இறுக்கமாகப் பொருந்துகின்றனவா, ஓரங்கள் கூர்மையின்றி மழுங்கியுள்ளனவா, கையை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவ முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்புத் தட்டு குஞ்சுகளின் கண்ணைக் கவரும். வாங்கிய சாடியில் நீர் நிரப்பிச் சமமான இடத்தில் ஓர் இரவு வைத்துப் பார்த்து, கசிவு இல்லையென உறுதி செய்த பின்னரே குஞ்சுகளிடம் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்துகொள்வதும் எளிது. வாய் குறுகிய மண்கலயம் ஒன்றையும், அதைவிட இரண்டு மூன்று அங்குலம் அகன்ற மண் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கலயத்தின் விளிம்பிலிருந்து முக்கால் அங்குல உயரத்தில் சிறு துளை இட வேண்டும். நீர் நிரப்பித் தட்டால் மூடிக் கவிழ்த்தால், துளை மூழ்கும்வரை நீர் வெளிவந்து தானே நின்றுவிடும். குஞ்சுகள் குடித்து மட்டம் குறைந்ததும் துளை வழியே காற்று உள்ளே சென்று மீண்டும் நீர் வரும். தட்டின் ஓரம் துளையைவிட உயரமாக இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் நீர் முழுவதும் வழிந்து கூளம் நனையும். சித்திரை, வைகாசி வெயிலில் மண்கலயத்தில் நீர் குளிர்ந்திருப்பதால் குஞ்சுகள் விரும்பிக் குடிக்கும். சாதாரண நாட்களில் தின்னும் தீவனத்தைப்போல் இரு மடங்கு நீர் குடிக்கும் கோழி, கடும் வெயிலில் மூன்று, நான்கு மடங்கு குடிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பூச்சிமருந்துக் கலன்கள் கூடவே கூடாது

பருத்தி பயிரிடும் இப்பகுதியில் பூச்சிமருந்து டப்பாக்களும் கேன்களும் வீட்டோரம் கிடப்பது வழக்கம். அவற்றை வெட்டித் தொட்டியாகவோ சாடியாகவோ பயன்படுத்துவது பேராபத்தாகும். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முற்றிலும் போகாது. பெரிய கோழி தாங்கிக்கொள்ளும் சிறு அளவே குஞ்சைக் கொன்றுவிடும். சாகாது வளரும் கோழியின் இறைச்சியையும் முட்டையையும் உண்பது நம் வீட்டுக் குழந்தைகளே. காலிக் கலன்களைத் துளையிட்டு, எதற்கும் பயன்படாதவாறு செய்து அகற்றுவதே முறை. பெயின்ட் டப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

நான்கு அங்குலக் குழாயை நீளவாக்கில் மேற்பகுதி வெட்டி, இரு முனைகளையும் மூடியால் அடைத்தால் நல்ல தீவனத் தொட்டி கிடைக்கும். பருத்த மூங்கிலை இரண்டாகப் பிளந்தும் செய்யலாம். விளிம்பு உட்புறமாகச் சற்று வளைந்திருந்தால் குஞ்சு அலகால் தீவனத்தை வெளியே தள்ள முடியாது. தொட்டியின்மேல் உருளும் குச்சி ஒன்றைப் பொருத்திவிட்டால், குஞ்சு ஏறி நின்று எச்சமிட முடியாமல் குச்சி சுழன்று இறக்கிவிடும்.

உயரமே கூளத்தைக் காக்கும்

தொட்டியின் விளிம்பும் தண்ணீர்த் தட்டின் விளிம்பும் எப்போதும் குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை செங்கல்லோ பலகையோ அடியில் வைத்து உயர்த்த வேண்டும். தொங்கும் தொட்டியாயின் கயிற்றைச் சுருக்கினால் போதும். தாழ்ந்த தொட்டியில் குஞ்சு காலால் கிளறும். எச்சமும் கூளமும் தீவனத்தில் விழும்.

தண்ணீர்ச் சாடியைக் கூளத்தின்மேல் நேராக வைக்காமல், மணல் பரப்பிய தட்டின்மேல் கம்பி வலையிட்டு அதன்மேல் வைப்பது நன்று. சிந்தும் நீர் மணலில் வடியும். குஞ்சு ஈரத்தில் மிதிக்காது. இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் ஓரிரு நாட்களிலேயே நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. மூன்று முதல் ஆறு வார வயதில் குஞ்சுகள் சிறகு தளர்ந்து, இரத்தம் கலந்து கழிந்தால் இந்நோயென ஐயுற்றுக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். சாடியைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றாடம் அள்ளி அகற்றி, உலர்ந்த உமியோ நிலக்கடலைத் தோலோ இடுவது மருந்தைவிடச் சிறந்த தடுப்பு.

நனைந்த தீவனம் தொட்டியின் மூலையில் கட்டிபட்டுப் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு குஞ்சுகளின் ஈரலைக் கெடுத்து வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, தேய்த்து, வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டு மக்காச்சோளத்தை உடைத்துப் போடுவோர், நன்கு காய்ந்த, பூசணமற்ற மணிகளையே பயன்படுத்த வேண்டும்.

அரியலூர்ப் பகுதியின் உப்புநீர்

சுண்ணாம்புப் பாறை மிகுந்த அரியலூர்ப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினத்தன்மை உடையது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு படியும் நீர், குழாயில் பொருத்தும் சிறு முலைக்காம்பு வகைத் தண்ணீர்க் கருவிகளையும் அடைத்துவிடும். வெளியே பார்த்தால் குழாயில் நீர் இருக்கும். குஞ்சுகளோ தாகத்தால் வாடும். எனவே இத்தகைய நீர் உள்ள ஊர்களில், 100 அல்லது 250 கோழி வளர்ப்போருக்குக் கவிழ்ப்புச் சாடியே பாதுகாப்பானது. பிளாஸ்டிக் சாடியில் படியும் வெள்ளைப் படிவைப் புளி கரைத்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் நீங்கும். நீர் மிகவும் உப்பாக இருந்தால் எச்சம் தண்ணீராகிக் கூளம் ஈரமாகும். அந்நிலையில் நீரைப் பரிசோதனை செய்து, வேறு நீரைக் கலந்து தருவது நலம்.

சாடியை நாள்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் அங்கே கிருமி குடியேறிவிட்டது என்று பொருள். 1,000 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் அளவில் பிளீச்சிங் பவுடர் கலந்து, சில மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் தண்ணீரில் தடுப்பு மருந்து தரும் நாளில் பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் ஆகாது. மருந்தின் உயிர்த்தன்மை அழிந்துவிடும். அன்று சுத்தமான கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்து, பின் மருந்தைச் சேர்க்க வேண்டும். ஓரிரு மணி நேரம் தாகமாக வைத்திருந்து, எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் குடிக்குமாறு கூடுதல் சாடிகளை வைக்க வேண்டும். துருப்பிடித்த இரும்புப் பாத்திரம் கூடாது. சாடி குறைந்தால் வலுத்தவை குடித்துவிடும். மெலிந்தவை பாதுகாப்பின்றி நின்று, வெள்ளைக் கழிச்சல் வரும்போது முதலில் மடியும். புறக்கடைக் கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடைபெறும் இருவாரத் தடுப்பூசி முகாமையும் தவறவிடக் கூடாது.

தாய்க்கோழியுடன் வளரும் குஞ்சுகள்

விலைக்குக் குஞ்சு வாங்காமல், அடைவைத்துப் பொரித்த பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை வளர்க்கும் வீடுகளே கிராமங்களில் அதிகம். இங்கே குஞ்சுக்கு வைக்கும் தீனியைப் பெரிய கோழிகள் தின்றுவிடுவதே குறை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு மூன்று கற்களின்மேல் உயர்த்தி, அதனுள் தீவனத் தட்டையும் சிறு கலயத்தையும் வைத்துவிட்டால் குஞ்சுகள் தடையின்றித் தின்னும். காக்கையிடமிருந்தும் பருந்திடமிருந்தும் ஒதுங்கவும் அது இடமாகும்.

கோழி வளர்ப்புப் பயிற்சி பெற விரும்புவோர், பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.

குஞ்சு வீட்டுக்கு வருவதற்கு முதல் நாளே தொட்டிகளையும் சாடிகளையும் கழுவிக் காயவைத்து, அளந்து, அதனதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். வரிசை தவறாமல் இதைச் செய்யும் விவசாயி, வாங்கிய குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்வார்.